ஒரு பக்கமாய் மெல்லுகிறவள்

இடது பக்கம். இந்தக் கவளமும் இடது பக்கம்தான் போயிற்று. வசுந்தரா தன் இலையைப் பார்ப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மகளின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிருதுளா கறித்துண்டை விரலால் பிய்த்தாள், பிய்த்ததை இன்னும் சின்னதாகப் பிய்த்தாள், வாயில் போட்டு நாக்கால் இடது கன்னத்துக்குத் தள்ளி மெதுவாக மென்றாள். வலது கன்னம் சும்மா இருந்தது. குழந்தையிலிருந்தே வலது பக்கம் மெல்லுகிறவள் அவள். கரும்பை வலது கடைவாயில் கொடுத்துத்தான் உரிப்பாள், வேண்டாம் என்று வசுந்தரா கத்தக் கத்த உரிப்பாள். சொத்தையாக இருக்குமோ? சொத்தை என்றால் சொல்லாமலா இருப்பாள், பல் டாக்டரைத் தாயாக வைத்துக்கொண்டு? கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுக்குத் தலைவி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்க்கிறோம், பெற்ற பெண்ணின் வாயைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? கல்யாணத்துக்கு முந்தின வாரம். அதுவும் படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று சுத்தம் செய்ததோடு சரி. "என்னங் சம்மந்தி, கொறிச்சிட்டு இருக்கறீங்க? கறி வேகலீங்களா?" என்றாள் பாவாயம்மாள், மிருதுளாவின் மாமியார், கரண்டியோடு பக்கத்தில் நின்றபடி. "ஐயோ, பஞ்சா வெந்திருக்குங்க" என்றாள் வசுந்தரா. பஞ்சாக வெந்த கறியை இவள் ஏன் விரலால் பிய்க்கிறாள்? பல் எதுவும் மிச்சமில்லாத கிழவியைப்போல, ஈறால் மெல்லுகிறவளைப்போல, இருபத்தேழு வயதில். "என்ற மருமவ இப்பிடித்தானுங்க, குருவி மாதிரி சாப்பிடறா. நீங்களாச்சும் சொல்லுங்க" என்று பாவாயம்மாள் சொல்ல, மிருதுளா சிரித்தாள். சிரிக்கும்போது உதடு விரிந்தது, பல் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு வசுந்தராவுக்குத் தெரியும். புறநோயாளிப் பிரிவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பெண்கள் அப்படிச் சிரித்திருக்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேங்க டாக்டர். கதவு இடிச்சிருச்சுங்க. வண்டியில இருந்து விழுந்தனுங்க. கையைக் கன்னத்தில் அணைத்தபடி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. மெல்லுவதற்கு என்றே படைத்த இடம் வாய். மேலிருந்து நேராக வருகிற பாரம் எவ்வளவானாலும் பல் வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் வருகிற ஒரு கையை வாங்கிக்கொள்ளத் தெரியாது. கை. வசுந்தரா மருமகனின் கையைப் பார்த்தாள். நவநீதன் மிருதுளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டான் என்று சொல்ல முடியாது, சோற்றைக் குழம்போடு பிசைந்து இலையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தான். நீளமான விரல்கள். நகக்கண்ணில் மஞ்சள் படிந்திருந்தது, காட்டில் மஞ்சள் வெட்டு நடக்கிறது, அவன் அப்பா ஈரோட்டு மண்டிக்குப் போயிருக்கிறார். இந்தக் கையா? கல்யாணத்தில் தாலி கட்டும்போது நடுங்கிய கை, எல்லோரும் கேலி செய்தார்கள், மிருதுகூடக் குனிந்து சிரித்தாள். நடுங்குகிற கை அடிக்காது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? நடுங்குகிற கைதான் அடிக்கும். இல்லை, இப்படி யோசிக்கக் கூடாது, தெரியாமல் யோசிக்கக் கூடாது. அதோ அவன் ஒரு எலும்பை எடுத்து உள்ளங்கையில் தட்டி, உதிர்ந்த மஜ்ஜையை மிருதுவின் இலையில் வைக்கிறான். மெல்ல வேண்டாத துண்டாகப் பார்த்து வைக்கிறான். அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். அவளால் மெல்ல முடியாது என்று தெரியும். எப்படித் தெரியும்? மிருது நிமிராமல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அடித்தவர்கள் மறுநாள் அப்படித்தான் இருப்பார்கள், மருந்து வாங்கிக்கொண்டு வருவார்கள், சீட்டு எழுதும்போது பக்கத்தில் நின்று கவலையாகக் கேட்பார்கள், சூடா எதும் சாப்பிடக் கூடாதுங்களா டாக்டர் என்று. வசுந்தராவின் வாயில் சோறு கூழாகிவிட்டது, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

ரசம் ஊற்றினார்கள். ரசச் சோற்றின் முதல் வாயில் வசுந்தராவுக்கு நறுக்கென்று ஒரு கல். எங்கிருந்தோ வந்த பொடிக்கல், மணல் அளவு. அவள் நினைப்பதற்கு முன்பே தாடை நின்று திறந்துகொண்டது. இதைத்தான் வகுப்பில் சொல்லுவாள். பல் சுவரில் அடித்த ஆணி இல்லை பிள்ளைகளே. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சந்து, அந்தச் சந்து முழுக்க நார், நாருக்கு இடையில் ரத்தம், நீர், நரம்பு. பல் அந்த நாரில் தொங்குகிறது, தொட்டிலில் பிள்ளை தொங்குகிற மாதிரி. நீங்கள் கடிக்கும்போது பல் கொஞ்சம் உள்ளே அமுங்கும், நீர் ஒதுங்கி எலும்பின் துளைகளுக்குள் போகும், சுருண்டு கிடக்கிற நார் நிமிர்ந்து எலும்பைப் பிடித்து இழுக்கும். எலும்புக்கு அழுத்தம் ஆகாது, இழுவை ஆகும். கல்லைக் கடித்தால் நரம்பு உடனே தாடையை நிறுத்திவிடும். விட்டதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பின் பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள், எவ்வளவு பாரம் தாங்கும் மேடம்? எவ்வளவு பாரம்னு கேக்காதீங்க, எவ்வளவு நேரம்னு கேளுங்க. விட்டு விட்டு வந்தால் எதையும் தாங்கும், விடாமல் வந்தால் சின்ன அழுத்தத்துக்கே எலும்பு கரைந்து வழி விட்டுவிடும். வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போவாள். போன ஆவணியில் அப்படிக் காபி குடிக்கப் போகும்போதுதான் மிருதுவின் போன் வந்தது. அம்மா, நான் ஒரு பத்து நாள் அங்க வந்து இருக்கட்டுமா? ஏன் கண்ணு? சும்மாதான். குரல் சும்மா இல்லை, அது அப்போதே தெரிந்தது, தெரியாமல் என்ன. ஆனால் கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன், நாலு பேர் கதவருகே காத்திருந்தார்கள். வீட்ல எதாச்சும் பிரச்சனையா? இல்லம்மா. அப்பறம் என்ன, புது எடம்னா அப்பிடித்தான் இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், அது வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இரு கண்ணு. சரிம்மா என்றாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, போனில் எல்லாம் நல்லாயிருக்கம்மா என்றாள், இவளும் நம்பினாள், நம்புவது வசதியாக இருந்தது. அந்தப் பத்து நாளைக் கொடுத்திருந்தால்? அடி விழுந்த அன்றைக்குத்தான் கூப்பிட்டாளோ? அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கூப்பிட்டிருப்பாள், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதே வந்திருப்பார், கேள்வி கேட்டிருக்க மாட்டார். "கல்லுங்களா சம்மந்தி? அட சாமி, அரிசியில கல்லு போக நல்லா நோம்பித்தான் போட்டனுங்க" என்று பாவாயம்மாள் பதறினாள். வசுந்தரா இலையை மூடினாள். "மிருது, கை கழுவணும். பின்னாடி கொழாய் எங்க இருக்கு? வா, காட்டு."

குழாய் எங்கே என்று அவளுக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின் பக்கத்தில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாயைத் தொற" என்றாள். "அம்மா, என்னம்மா நீ" என்றாள் மிருது. "தொற." மகளின் மோவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். எத்தனை ஆயிரம் மோவாய், கை தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. முன்பல்லில் ஒன்றுமில்லை. உதட்டுக்கு உள்ளே தழும்பு இல்லை, தையல் இல்லை. கன்னத்தின் உட்புறம் பல் பதிந்த வெள்ளைக் கோடு, நீளமாக, இரண்டு பக்கமும். வலது கீழ்க் கடைவாய்ப்பல்லை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து அசைத்தாள். ஆடியது. நன்றாகவே ஆடியது. மிருது கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு நேர் மேலே உள்ளதும் கொஞ்சம். ஈறு சுத்தமாக இருந்தது, சீழ் இல்லை, ரத்தம் இல்லை. அப்புறம்தான் அந்தப் பளபளப்பைப் பார்த்தாள். கடைவாய்ப்பற்களின் முகடுகள் எல்லாம் தட்டையாகி, அரைத்துத் தேய்ந்த அம்மிக்கல்லைப்போல மின்னிக்கொண்டிருந்தன. இடதுபக்கமும். தாடையின் மூலையைத் தொட்டாள், அங்கே சதை கயிறுபோல் திரண்டிருந்தது, வந்ததும் பார்த்தபோது முகம் சதுரமாகிவிட்டதே என்று தோன்றியது இதனால்தானா. அடி இல்லை. ஒரு கை செய்கிற வேலை இல்லை இது. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது, இறங்கின இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. இது மாசக்கணக்கில் நடக்கிற வேலை. விழித்திருக்கும்போது கல்லைக் கடித்தால் தாடை நின்றுவிடும், தூக்கத்தில் நிறுத்த ஆள் இல்லை. "மிருது, நீ ராத்திரியில பல்லைக் கடிக்கறயா?" மிருது விலகி நின்று முந்தானையால் வாயைத் துடைத்தாள். "தெரியலம்மா. காலையில தாடை வலிக்கும்." "எப்ப இருந்து?" மிருது குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். "மாப்பிள்ளை உன்னை அடிக்கறாரா?" கேட்டுவிட்டாள், கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது. மிருது அம்மாவை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "அவரா? அம்மா, அவரு ஒரு எறும்பக்கூட..." என்றவள் நிறுத்திவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள்.

அப்புறம் சொன்னது எல்லாம் துண்டு துண்டாக வந்தது. ஆவணியில் ஒரு நாள் விடியற்காலம் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. பின் கதவு திறந்திருந்தது. போய்ப் பார்த்தபோது கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தான். மோட்டார் போட வந்தேன் என்று சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை, குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். வந்தான். குழந்தை மாதிரிக் கூடவே வந்து படுத்துக்கொண்டான். அப்புறம் சொன்னானாம், காரணம் ஒண்ணும் இல்ல மிருது, எதுக்குமே மனசு வரமாட்டேங்குது, காலையில எந்திரிச்சா அன்னைக்குப் பூராவும் இருக்கோணுமேன்னு இருக்குது. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, யாருகிட்டயும் சொல்லாதே. கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். "அன்னைக்குத்தான் உனக்குப் போன் பண்ணினேன். அவரையும் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்." அன்றிலிருந்து அவள் பின் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். கட்டில் அசைந்தால் விழித்துக்கொள்கிறாள். அசையாவிட்டாலும் விழித்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறாள். எட்டு மாசம். வசுந்தரா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள், எதிரில் கிணறு தெரிந்தது, மேட்டில் ஒரு கோழி சீய்த்துக்கொண்டிருந்தது, வரும்போதெல்லாம் பார்க்கிற கிணறு, போன தடவை எட்டிப்பார்த்துத் தண்ணி நெறையக் கெடக்குதுங்களே என்று சம்மந்தியிடம் சொன்ன கிணறு. இந்தப் பெண்ணை இப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். போய்விட்டால் அவன்? அவன் யாரோ. அவன் யாரோ என்று எப்படிச் சொல்வது, இவ்வளவு நேரமும் அவன் கையையே பார்த்துக்கொண்டு அவனை அடிக்கிறவனாக்கி வைத்திருந்தோமே, அந்தக் கை மஜ்ஜையைத் தட்டிப் போட்டது. கூட்டிக்கொண்டு போனால் மகள் பிழைப்பாள், இன்றைக்கு ராத்திரி பின் கதவுக்கு யார் பூட்டுப் போடுவார்கள்? விட்டுவிட்டுப் போனால் இன்னும் ஒரு வருஷத்தில் இவள் வாயில் என்ன மிச்சம் இருக்கும், வாயை விடு, இவளில் என்ன மிச்சம் இருக்கும்? பல் தேயாமல் இருக்க ஒரு தட்டு செய்து கொடுக்கலாம், ராத்திரி மாட்டிக்கொள்ளச் சொல்லலாம். எல்லோருக்கும் அதைத்தான் செய்து கொடுக்கிறோம். மனக்கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கூடவே ஒரு வரி சொல்லுவோம், சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். "அம்மா, நீ அவருகிட்ட எதுவும் கேட்றாத. சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள் மிருது, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ம்" என்றாள் வசுந்தரா. அந்த ம்-முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்தில் பாவாயம்மாள் பாயசம் கொடுத்தாள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள். டிவியில் ஏதோ ஓடியது. இவளிடம் சொல்லலாமா? பிள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்கறானுங்க, கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்னு பாத்தனுங்க, ஒரு கொழந்தை வந்தாச் சரியாயிருமுங்க என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், வசுந்தரா தலையாட்டினாள். சரியாகிவிடும், சரியாகிவிடும், இந்த வீட்டில் எல்லோரும் எதையோ பார்த்திருக்கிறார்கள், யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. வாசலில் டமடம என்று சத்தம் கேட்டது. நவநீதன் அவளுடைய காரில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். டிக்கி நிறைந்து பின் சீட்டிலும் பரப்பிக்கொண்டிருந்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். என்ன கேட்பது? எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கனுங்க என்பான். தூக்கம் வருதா? பசிக்குதா? வாக்கியங்கள் வரிசையாக வந்தன, எல்லாம் நோயாளியிடம் கேட்கிற வாக்கியங்கள், எல்லாவற்றுக்கும் அவன் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடுவான், அவள் கோயம்புத்தூர் போய்விடுவாள். மகளிடம் ம் என்று சொன்ன வாய் இன்னும் ஈரமாக இருந்தது. கார்க் கதவருகே போய் நின்றபோது வாக்கியம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"மாப்ளைங்க."

"சொல்லுங்க அத்தை. காய் போதுமுங்களா?"

"மிருது சொல்லிட்டா. நான்தான் தோண்டிக் கேட்டேன், அவளைக் கோவிச்சுக்காதீங்க."

அவன் கையிலிருந்த தேங்காயைச் சீட்டின் மேல் மெதுவாக, உடைந்துவிடும் என்பதுபோல வைத்தான். திரும்பவில்லை. முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. ஓடிவிடுவானோ என்று பயந்தாள், கத்துவானோ என்று பயந்தாள், சிரித்து மழுப்பிவிடுவானோ என்றுதான் ரொம்பவும் பயந்தாள். அப்புறம் கேட்டான்: "அவ பல்லு விழுந்துருமுங்களா அத்தை?"

வசுந்தரா அவன் பக்கம் ஓரடி நெருங்கினாள். "அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேக்குமுங்க. ராத்திரியில. நறநறன்னு, கல்லை அரைக்கற மாதிரி. எனக்குத் தூக்கம் வராதுங்க, நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன். அவ என்னயப் பாத்துட்டே இருப்பா. முடியாம எப்பயாச்சும் கண்ணசந்துருவா. அந்தச் சத்தம் வந்துச்சுன்னா அவ தூங்கிட்டான்னு அர்த்தமுங்க." அவன் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இப்ப எந்திரிச்சுப் போயிரலாம்னு தோணும். ஆனா அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு... எப்பிடிங்க அத்தை எந்திரிக்கறது? என்னாலதான அவ இப்பிடிக் கெடக்கறான்னு இருக்கும். கேட்டுட்டே கெடப்பேன். விடிஞ்சுரும்."

இரண்டு பேர், ஒரு கட்டில், ஒருவர் தூங்குவதற்கு மற்றவர் காத்துக்கொண்டு, எட்டு மாசமாக. அத்தை என்ற முறைக்கு மருமகனைத் தொடக் கூடாதோ என்னவோ, அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பல்லு விழாதுங்க. சரி பண்ணிரலாம். அது எனக்குத் தெரிஞ்ச வேலை" என்றாள். "உங்களுக்கு வந்திருக்கறது எனக்குத் தெரியாத வேலை. ஆனா தெரிஞ்சவங்க இருக்காங்க. என்கூடப் படிச்சவ ஒருத்தி, மனநல டாக்டர், நம்ம வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான். இது நோய்ங்க மாப்ள, உங்க தப்பு இல்ல, மருந்து இருக்கு. நாளைக்குக் காலையில நீங்களும் மிருதுவும் பஸ் ஏறி வந்துருங்க. நான் பேசி வெக்கறேன்." சொல்லச் சொல்ல நாளைக்கு என்ற சொல் வாயிலேயே கசந்தது, இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்று சொன்ன அதே வாய், நாளைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு ராத்திரி கிடக்கிறதே என்று நினைப்பதற்குள் அவன் திரும்பி அவளைப் பார்த்துவிட்டான். கண் இரண்டும் தூங்காத கண். இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம்.

"நாளைக்கு வேண்டாமுங்க அத்தை" என்றான். "இப்பவே போலாமுங்களா?"

வசுந்தரா அவன் கையை விட்டுவிட்டுப் பின் கதவை அகலத் திறந்து, சீட்டில் பரப்பியிருந்த தேங்காய்களை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று, ஒன்று உருண்டு சக்கரத்துக்குக் கீழே போயிற்று, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். சத்தம் கேட்டு பாவாயம்மாள் வாசலுக்கு வந்தாள், பின்னாலேயே மிருதுவும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங் சம்மந்தி, காயெல்லாம் எதுக்குங்க எறக்கறீங்க? எடம் பத்தாதுன்னா முன்னால வெச்சுக்கலாமுங்களே?" வசுந்தரா நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அதற்குள் நவநீதன் படியேறினான். "அம்மா, அவங்க எறக்கட்டும். நீ கொஞ்சம் உள்ள வா" என்றான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."